தெருவில் வளர்ந்த நாய்க்கு வீட்டுப் பழக்கம்: கடையில் விற்கும் பொருள்களில் எவை உதவுகின்றன?

வளர்ந்த நாயைத் தத்தெடுக்கத் தயங்குபவர்கள் சொல்லும் முதல் காரணம், அது வீட்டுக்குள் அசுத்தம் செய்துவிடும் என்பதுதான். குட்டியாக இருந்தால் பழக்கிக்கொள்ளலாம், தெருவில் வளர்ந்த பெரிய நாயை இனி எப்படித் திருத்துவது என்று எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் இராயபுரத்திலும் பலர் கேட்பதுண்டு. உண்மையில் வளர்ந்த நாயைப் பழக்குவது பல நேரங்களில் குட்டியைப் பழக்குவதைவிட எளிது. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க இயலாது. உடல்நலமுள்ள வளர்ந்த நாய் 6 முதல் 8 மணி நேரம் வரை தாங்கும். அதற்குப் பழக்கமே இல்லை என்பதும் சரியன்று. தெருவோ கூண்டோ முந்தைய வீடோ அதற்கு ஏற்கெனவே ஒரு பழக்கத்தைத் தந்திருக்கிறது. மண்ணில் கழித்து வளர்ந்த நாய் மண்ணைத் தேடும். சிமெண்டுத் தரையில் அடைபட்டுக் கிடந்த நாய் சிமெண்டைத் தேடும். எனவே நாய்க்கென்று கடையில் விற்கும் எந்தப் பொருளையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் மதிப்பிடுகிறேன்: நாய் அறிந்து வைத்திருக்கும் தரையை நோக்கி அதை அழைத்துச் செல்ல இப்பொருள் உதவுகிறதா, இல்லை அதைக் குழப்புகிறதா?

தத்துக்குக் காத்திருக்கும் வளர்ந்த நாய்களை, நிரந்தர வீடு கிடைக்கும் வரை எங்கள் வீட்டில் வைத்துப் பராமரித்து வருகிறோம். எங்களுடையது இரண்டு குடித்தனங்கள் உள்ள பழைய வீடு. கீழே சிவப்புச் சிமெண்டுத் தரை, மேலே மொசைக், அதற்கும் மேலே மொட்டை மாடி. தோட்டம் கிடையாது, வாசலைத் தாண்டினால் தெருதான். இங்கே எழுதுவன எல்லாம் அத்தகைய வீட்டில், சொந்தப் பணத்தில் வாங்கிப் பயன்படுத்திய பொருள்களைப் பற்றியவை. பெரம்பூரிலும், வண்ண மீன் கடைகளுக்குப் பெயர்பெற்ற கொளத்தூரிலும், இணையத்திலும் வாங்கினோம். ஒரே வகைப் பொருளைப் பல நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி செய்வதால் பெயர்களைக் குறிப்பிடாமல் வகைவாரியாகவே எழுதுகிறேன்.

பொருள் எதையும் வாங்கும் முன்பு மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். சிறுநீர்ப் பாதைத் தொற்று, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் எந்தப் பயிற்சியும் பலன் தராது. கருத்தடை செய்யப்பட்ட பெண் நாய்கள் சிலவற்றுக்குச் சிறுநீர்க் குழாயின் சுருக்குத் தசை தளர்ந்து, தூங்கும்போது தானாகக் கசிவது உண்டு. படுத்திருந்த இடம் மட்டும் ஈரமாக இருந்து, நாய் அதை உணராமலே எழுந்து வந்தால் அது பழக்கக்கேடு அன்று, மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய நோய். தோல் அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் தண்ணீர்த் தாகத்தையும் சிறுநீரையும் கூட்டும். வடசென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய வசதி. 1903இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரைச் சுத்தமான சிறு டப்பாவில் பிடித்துக்கொண்டு போனால் பரிசோதனை விரைவாக முடியும். நீண்ட கைப்பிடி உள்ள பழைய கரண்டி ஒன்றைக் கொதிநீரில் கழுவி வைத்துக்கொண்டு, நாய் உட்கார்ந்தவுடன் பின்புறமாக மெதுவாக நீட்டினால் பெரும்பாலான நாய்கள் அஞ்சுவதில்லை.

இனிப் பொருள்களுக்கு வருகிறேன். செல்லப் பிராணிக் கடைகளில் முதலில் எடுத்துக் கொடுப்பது சிறுநீர் உறிஞ்சும் விரிப்பைத்தான். அடியில் பிளாஸ்டிக் தாள், நடுவில் நீரை இழுத்துக் கூழாக்கிக்கொள்ளும் பொடி, மேலே மெல்லிய துணி என்று குழந்தைகளின் டயப்பர் போலவே செய்யப்பட்டிருக்கும். ஒரு விரிப்புக்கு 20 முதல் 40 ரூபாய் வரை ஆகிறது. அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் நாய்க்கும், படி இறங்க முடியாத முதிய நாய்க்கும் இது நல்ல பொருள், ஐயமில்லை. தெருவில் இருந்து வந்த வளர்ந்த நாய்க்கு இது வேண்டாம் என்பதே என் முடிவு. மல்லி என்று நாங்கள் அழைத்த செவலை நிறப் பெண் நாய், காதில் கருத்தடை அடையாள வெட்டுடன் மீன்பிடித் துறைமுகப் பக்கத்திலிருந்து வந்தது. விரிப்பைப் பார்த்ததும் அதன் நான்கு மூலைகளையும் முகர்ந்தது, ஒரு முனையைப் பல்லால் பற்றி இழுத்துக்கொண்டு போய் மாடிப்படிக்குக் கீழே போட்டு அதன் மேல் சுருண்டு படுத்தது. தன் வாழ்நாளில் மென்மையான எதன் மீதும் சிறுநீர் கழித்திராத நாய்க்கு அது படுக்கையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. விரிப்பை ஏற்றுக்கொள்ளும் நாய்களிடத்திலும் வேறொரு சிக்கல் உண்டு. துணி போன்ற மென்மையான பரப்பில் கழிக்கலாம் என்று கற்றுக்கொண்ட நாய்க்கு, விரிப்புக்கும் வாசல் மிதியடிக்கும் பாய்க்கும் வேறுபாடு விளங்குவதில்லை.

செயற்கைப் புல் தட்டு இதைவிட விலை கூடியது. மேலே பிளாஸ்டிக் புல், கீழே வடிகட்டும் சட்டம், அடியில் இழுப்பறை என்று மூன்று அடுக்குகள். அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியை மனத்தில் வைத்துச் செய்தது என்பது தெளிவு. சென்னை வெயிலில் ஒரு நாள் கழுவத் தவறினாலும் நாற்றம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்; பெரிய நாய்க்குத் தட்டின் அகலமும் போதாது. எங்கள் பகுதித் தெருநாய்களில் புல்லை அறிந்தவை குறைவு. இதற்காகச் செலவழிக்க வேண்டிய தேவை எதையும் நான் காணவில்லை.

மாறாக, உறுதியாகப் பரிந்துரைக்கும் பொருள் ஒன்று உண்டு. அது என்சைம் (நொதி) கலந்த சுத்தம் செய்யும் திரவம். அரை லிட்டர் 300 முதல் 600 ரூபாய்க்குள் வாங்கினோம். ஒரு நாய் முன்பு கழித்த இடத்தின் வாசனை இருக்கும் வரை அந்த இடம் அதற்குக் கழிப்பிடமாகவே இருக்கும். நம் மூக்கில் வாசனை உணரும் செல்கள் ஏறத்தாழ 50 இலட்சம் என்றால், நாயின் மூக்கில் அவை 20 கோடிக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். ஆகவே நமக்கு வாசனை போய்விட்டது என்பதற்கும் நாய்க்குப் போய்விட்டது என்பதற்கும் தொடர்பே இல்லை. பினாயில் செய்வதெல்லாம் ஒரு வாசனையின் மேல் இன்னொரு வாசனையை ஏற்றுவதுதான். என்சைம் திரவமோ சிறுநீரில் எஞ்சி நிற்கும் கரிமப் பொருள்களைச் சிதைக்கிறது. வாசனை மறைவதில்லை, அதற்கு மூலமானதே இல்லாமல் போகிறது.

ஆனால் இந்தத் திரவத்தை வாங்கியவர்களில் பாதிப் பேர் பயனில்லை என்று சொல்வதையும் கேட்டிருக்கிறேன். பயன்படுத்தும் முறைதான் அதற்குக் காரணம். புட்டியின் மேல் எழுதியுள்ள நேரம், பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடம், அந்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டும். மின்விசிறி ஓடும் அறையில் மே மாதத்தில் திரவம் அதற்குள் உலர்ந்துவிடும். உலர்ந்தபின் என்சைம் வேலை செய்யாது. நாங்கள் கண்டுகொண்ட வழி இது: முதலில் பழைய வேட்டித் துணியால் சிறுநீரை ஒற்றி எடுத்து, வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைத்துவிட்டு, சிறுநீர் பரவியதைவிடக் கூடுதலான பரப்பில் திரவத்தை ஊற்றி, அதன் மேல் ஈரத்துணி ஒன்றைப் போர்த்தி வைத்துவிடுவோம். சிவப்புச் சிமெண்டுத் தரை மெருகு தேய்ந்த இடங்களில் நீரை உறிஞ்சும். மொசைக் பலகைகளின் இடுக்குகளும் அப்படியே. அங்கெல்லாம் இரண்டாம் முறையும் ஊற்ற வேண்டியிருக்கும். அதே இடத்தில் முன்னதாகப் பினாயில் ஊற்றியிருந்தால் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிய பின்பே இதை ஊற்ற வேண்டும், ஏனெனில் கிருமிநாசினி இத்திரவத்தில் உள்ள நுண்ணுயிர்களையும் என்சைமையும் செயலிழக்கச் செய்துவிடும்.

மாடியில் குடியிருக்கும் ஆயா, "இன்னாம்மா, ரெண்டு மூடி பினாயில் ஊத்திக் கழுவிட்டா முடிஞ்சுது, அதுக்கா இம்மாம் துட்டு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை, பல தலைமுறைகளாகத் தரையைக் கழுவி வந்த முறை அதுதான். கறுப்புப் பினாயில் பாதத்தில் ஒட்டி, நாய் அதை நக்கினால் வயிற்றுக்குக் கேடு என்று விளக்கியதும், "அப்போ வாணாம்மா, வாயில்லா ஜீவன்" என்று தம் பகுதியையும் அந்தத் திரவத்தால் துடைக்கச் சொன்னார். இதைவிடக் கடுமையான எச்சரிக்கை பிளீச்சிங் பவுடர் பற்றியது. சிறுநீரில் இருந்து உருவாகும் அம்மோனியாவுடன் அது சேர்ந்தால் மூச்சுக் குழாயைப் பாதிக்கும் குளோரமின் வாயு உண்டாகும். சாளரமற்ற பின்கட்டு அறைகளில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. வினிகர் அம்மோனியா நெடியைத் தணிக்கும், அவ்வளவே.

இந்தத் திரவத்துடன் சேர்த்து வாங்க வேண்டியது, மளிகைக் கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்க வைத்திருக்கும் புறஊதா டார்ச். இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுத் தரையை ஒட்டி அந்த ஒளியைச் செலுத்தினால் உலர்ந்த சிறுநீர்க் கறை மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். பீரோவின் பின்னங்காலிலும் அரிசி டின்னுக்குப் பின்னாலும் நாங்கள் கற்பனையே செய்திராத கறைகளை அது காட்டிக் கொடுத்தது. சலவைத் தூள் படிந்த இடமும் இதே போல ஒளிரும் என்பதால், ஒளிரும் இடத்தை முகர்ந்து பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

பீரோவின் காலில் கறை என்றவுடன் அடுத்த பொருளைச் சொல்லிவிடலாம். உரிமையாளர் வீடு மாற்றியபோது தெருவில் விட்டுச் சென்ற வெள்ளை ஸ்பிட்ஸ் ஆண் நாய் ஒன்று எங்களிடம் இருந்தது. மிகச் சிறிதளவு சிறுநீரைச் செங்குத்தான பரப்புகளின் மேல் மட்டும், அதாவது எரிவாயு உருளை, கதவு நிலை, பீரோ ஆகியவற்றின் மேல் தெளித்தது. இது எல்லை குறிக்கும் செயல். கருத்தடை செய்தால் பல ஆண் நாய்களிடம் இது குறைகிறது. இதற்கென ஆண் நாய்களின் இடுப்பைச் சுற்றிக் கட்டும் வயிற்றுப் பட்டை விற்கிறார்கள். விருந்தினர் வந்துபோகும் ஓரிரு மணி நேரத்துக்கு உதவும். நாள் முழுதும் கட்டி வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் தோல் புண்ணாகிவிடும். அதே ஸ்பிட்ஸ், எல்லை குறிக்காமல் உண்மையாகவே சிறுநீர் கழிக்க வேண்டியிருந்த நேரங்களிலெல்லாம் குளியலறை வாசலில் போய் நின்றது. அதன் பழைய வீட்டில் அதுவே வழக்கமாக இருந்திருக்க வேண்டும். குளியலறைக் கதவைத் திறந்து வைத்ததோடு அதற்கான பயிற்சி முடிந்துவிட்டது. வேறெந்தப் பொருளும் தேவைப்படவில்லை.

மடக்கும் இரும்புக் கூண்டு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. படுக்கும் இடத்தை நாய் அசுத்தம் செய்யாது என்ற இயல்பை நம்பி அது விற்கப்படுகிறது. கூண்டிலேயே மாதக்கணக்கில் அடைபட்டு, வேறு வழியின்றித் தன் இடத்திலேயே கழித்துப் பழகிய நாயிடம் அந்த இயல்பு மழுங்கிப் போயிருக்கும். தெருவில் சுதந்திரமாகத் திரிந்த நாயோ பூட்டியவுடன் கலவரமடைந்து, அந்தக் கலவரத்தாலேயே சிறுநீர் கழித்துவிடும். தகர ஷீட் வேய்ந்த அறையில் கோடைப் பகலில் கூண்டு வைப்பது உயிருக்கே ஆபத்து. கூண்டின் விலையில் சிறு பங்கில் கிடைக்கும் ஆறடிக் கயிறு அதன் வேலையைச் செய்துவிடுகிறது. சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் நாயின் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டால் அது நம் பார்வைக்கு அப்பால் போய்க் கழிக்க வாய்ப்பே இராது. தரையை முகர்ந்து வட்டமிடத் தொடங்கியதும் வெளியே அழைத்துப் போய்விடலாம்.

எங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது செல்லப் பிராணிக் கடையில் கிடைக்காத ஒரு பொருள்: மாடித் தோட்டத்துக்கென விற்கும் அகலமான கீரை வளர்ப்புப் பை. நீளம் மூன்றடி, அகலம் இரண்டடி. விளிம்பை வெளிப்புறமாக மடித்து அரையடி உயரமாக்கி, செங்கற்களின் மேல் சற்றே சாய்வாக வைத்து, நான்கு அங்குல உயரத்துக்கு மணல் நிரப்பினோம். அடியில் உள்ள துளைகள் வழியே நீர் வடிந்து மாடியின் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விடும். எம்-சாண்ட் வேண்டாம், உடைத்த கல் என்பதால் முனை கூர்மையாக இருக்கிறது, தூசியும் பறக்கிறது. கடற்கரை மணலில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கட்டுமானப் பொருள் விற்கும் இடத்தில் ஆற்று மணலைச் சிறு மூட்டையாகக் கேட்டு வாங்கினோம். மல்லி தெருவில் வழக்கமாகச் சிறுநீர் கழித்த சுவரோரத்து மண்ணில் இரண்டு கை அள்ளி வந்து அந்த மணலின் மேல் தூவியதுதான் இதில் முக்கியமான வேலை. மல்லி பையின் ஓரத்தில் முன்கால்களை வைத்து நெடுநேரம் முகர்ந்து, ஏறி, ஒருமுறை சுற்றி, உட்கார்ந்தது. வீட்டுக்குள் அதற்குப் புரியாதிருந்த ஒன்று அந்த இடத்தில் புரிந்துவிட்டது என்பது அதன் உடல் தளர்ந்து நின்ற விதத்திலேயே தெரிந்தது.

மணல் பை தெருவுக்கு மாற்றாக அமைந்துவிடக் கூடாது. நடைப்பயிற்சி நாய்க்கு எப்படியும் தேவை. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை போன்ற தாழ்வான பகுதிகளில் தெரு முழங்கால் வெள்ளமாகிவிடும் நாட்களில் நாயை வெளியே இறக்கினால் எலிக் காய்ச்சல் தொற்றும் ஆபத்து உண்டு. தடுப்பூசி போட்டிருந்தாலும் தேங்கிய நீரில் நடக்க விடாமல் இருப்பதே பாதுகாப்பு. சாவு மேளமும் வெடியும் தெருவை அதிர வைக்கும் வேளைகளிலும், தீபாவளி இரவிலும் மிரண்டுபோன நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிடக்கூடும். அத்தகைய நேரங்களில் மாடியில் ஓர் இடம் இருப்பது பெரும் நிம்மதி. மணலை அன்றாடம் கிளறி மலத்தை அகற்றி, வாரம் ஒருமுறை வெயிலில் பரப்பிக் காயவைக்க வேண்டும். குறை ஒன்று உண்டு: அக்கம்பக்கத்துப் பூனைகள் இரவில் அதைத் தமதாக்கிக்கொள்ளும். பயன்படுத்தாத நேரத்தில் பழைய பிளைவுட் பலகை ஒன்றைப் போட்டு மூடி வைக்கிறோம்.

பயிற்சிக்கென விற்கும் பரிசுத் தின்பண்டங்களை வாங்கவே வேண்டியதில்லை. வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டல் அளவுக்கு நறுக்கி வைத்துக்கொண்டால் எந்த நாயும் கவனம் சிதறாது. எங்கள் பகுதியில் நெத்திலிக் கருவாடு கொடுப்பவர்கள் உண்டு; அதிலுள்ள உப்பு நாய்க்கு மிகுதி, எனவே தவிர்க்க வேண்டும். ஈரலை எப்போது கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கழித்து முடித்த இரண்டு நொடிக்குள், அதே இடத்தில் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்கான பரிசு என்றே நாய் எடுத்துக்கொள்ளும். சாப்பிட்ட 15 முதல் 30 நிமிடத்துக்குள், தூங்கி எழுந்தவுடன், விளையாடி முடித்தவுடன் ஆகிய நேரங்களில் வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். தண்ணீரைக் குறைப்பது மட்டும் கூடவே கூடாது.

நாய் வீட்டில் கழித்துவிட்டதைப் பின்னர் கண்டு, மூக்கைத் தரையில் தேய்ப்பவர்களும் சூடு போடுவதுபோல் அதட்டுபவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அதன் முகத்திலேயே குற்ற உணர்வு தெரிகிறதே என்பார்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தவறு செய்த நாயிடமும் செய்யாத நாயிடமும் அந்த முகம் ஒரே அளவில் தோன்றியது; உரிமையாளர் அதட்டியபோதுதான் அது கூடியது. அது அச்சத்தின் முகம். அதட்டப்பட்ட நாய், நம் முன்னால் கழித்தால் அடி விழும் என்று மட்டும் கற்றுக்கொண்டு, தெருவில் நாம் கயிற்றைப் பிடித்து நிற்கும்போதும் அடக்கிக்கொண்டே வந்து, வீட்டில் நாம் காணாத மூலையைத் தேடிச் செல்லும்.

கடைசியாகக் கயிறு. காப்பகக் கூண்டிலிருந்து வந்த நாய்கள் பலவற்றுக்குக் கயிறு கட்டிய நிலையில், மனிதர் பக்கத்தில் நிற்கையில் கழிக்கவே வராது. அவற்றுக்குச் செல்லப் பிராணிக் கடையின் நாலடிச் சங்கிலி பயன்படாது. மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸுடன் பதினைந்து அடி நீளக் கயிறு வேண்டும். வலையும் கயிறும் விற்கும் காசிமேட்டுக் கடைகளில் இதை மீட்டர் கணக்கில் வாங்கலாம். நைலான் கயிறு நாய் திடீரென்று இழுக்கையில் உள்ளங்கையைச் சுட்டுவிடும் என்பதால், சுண்டுவிரல் பருமனுள்ள பருத்திக் கயிற்றைக் கேட்டு வாங்க வேண்டும். கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல் தொடங்கும் முன், தெருநாய்கள் இன்னும் சுருண்டு கிடக்கும் விடியற்காலை வேளையில், கயிற்றைத் தளர்த்தி விட்டு நாய்க்கு முதுகைக் காட்டி நின்றால் போதும். கயிற்றின் நடுவிலும் நுனியிலும் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தால், கை நழுவினாலும் காலால் மிதித்துப் பிடித்துக்கொள்ளலாம்.